எனக்காகச் செய்த காகித விமானம்

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு வருடம் முன்பு கோடையில் ஒருவர் மெயிலில் ஃபைல் அனுப்பி, தடித்த தாளில் எட்டுப் பக்கம் கலர் பிரிண்ட் கேட்டார். எடுத்து வைத்தேன். அவர் வரவேயில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு முதலாளி, "குப்பையில போட்டுடும்மா" என்றார். நான் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அது காகிதத்தில் செய்யும் ஒரு சின்ன விமானம். மஞ்சள் உடம்பு, நீலக் கோடு, மூக்கில் ஒரு காற்றாடி. எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, எதை எதோடு ஒட்டுவது என்று எல்லாம் தாளிலேயே எண் போட்டு இருந்தது. முடித்தால் இறக்கை ஒரு முழம் வரும். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. விமானத்தில் ஏறியதில்லை, ஏறும் ஆசையும் பெரிதாக இல்லை. வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மை தீர்ந்த ரீஃபில்லால் கோடு கீறிவிட்டு மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும் என்பதை நானே கண்டுபிடித்தேன். மூக்குப் பகுதியைச் சுருட்டும்போது கசக்கிவிட்டேன். ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்து வந்து ஒட்டினால், உடம்பைவிட மூக்கு சின்னதாக நின்றது. இந்தத் தடவை பிரிண்டர் தாளுக்குத் தகுந்தபடி படத்தைச் சுருக்கியிருக்கிறது. தினமும் நூறு பேருக்கு பிரிண்ட் போடுகிறவளுக்கு இது தெரியவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் அசல் அளவிலேயே எடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

என் கணவரின் அக்கா பக்கத்துக் கிராமமான கூரத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை காமாட்சி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அன்றைக்கும் வந்தார். கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம்கூட நின்றிருந்தது. மேசைமேல் ஒட்டி முடித்து உலர வைத்திருந்த இறக்கையை எடுத்து விசிறிக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா இது, பொம்ம?"

"ஏரோப்ளேன் அண்ணி. பேப்பர்ல செய்யிறது."

"கொழந்த இல்லாத வூட்ல இது யாருக்கும்மா?"

அவர் குரலில் விஷம் இல்லை. இந்த ஊரில் சும்மா கேட்கிற கேள்விதான் அது. அதனால்தான் அதற்கு இத்தனை வருடமாக யாரும் பதில் சொல்லவில்லை. இறக்கை அவர் கையில் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"எனக்குதான் அண்ணி. குடுங்க, அது விசிறி இல்ல."

கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்று அவர் சொன்னார். இருக்கலாம். நடுவில் ஒரு மடிப்பு விழுந்து இறக்கை பாழாகிவிட்டிருந்தது. அவர் பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

என் கணவர் பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டிவிட்டு, ராத்திரி பேச்சு தீர்ந்துபோய் வருகிற மனிதர். அன்று வாசலிலேயே பேசினார்.

"அக்கா அழுதுக்கினே போன் பண்ணுச்சு. யாராச்சும் வர்றப்ப அத உள்ள எடுத்து வெச்சிடேன்."

"இன்னும் எத உள்ள வெக்கணும்? பதினோரு வருஷம் மாத்திரய உள்ள வெச்சேன். ஸ்கேன் ஃபைல உள்ள வெச்சேன். சீமந்தம்னு கூப்ட்டா நானே சமையக்கட்டுல போய் நின்னுக்கினேன். போதும், டாக்டர் வேணாம்னு ரெண்டு பேரும் சேந்துதான முடிவு பண்ணோம்? உங்கள யாராச்சும் கேக்கறாங்களா? இத உள்ள வெக்க மாட்டேன்."

"அக்கா கிட்ட இன்னா சொல்றது?"

"நான் சொன்னத சொல்லுங்க."

அவர் கை கால் கழுவப் போனார். நான் மறுநாள் இறக்கைப் பக்கத்தைத் திரும்ப பிரிண்ட் எடுத்தேன்.

முடிக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. கடைசியாகக் காற்றாடியைக் குண்டூசியில் கோத்துவிட்டு ஊதினேன், சுற்றியது. எங்கே வைப்பது? ஹால் நடுவில் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. வீடு கட்டும்போது என் மாமியார் கொத்தனாரிடம் சொல்லி, பேரக் குழந்தைக்குத் தூளி கட்டப் போட வைத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வருகிற உறவினர்கள் அண்ணாந்து கொக்கியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியை இழுத்து அதன் கீழே போட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாத்து ஏறு" என்றார். கொக்கியில் நைலான் நரம்பைக் கட்டி விமானத்தைத் தொங்கவிட்டேன்.

அடுத்த முறை வந்த நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அது தூளி கட்ற கொக்கிமா."

"தெரியும் அண்ணி."

"எங்கம்மா போட்டது."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "அம்மா இருந்தா சந்தோஷமா பாத்துக்கினு இருக்கும். உள்ள வாக்கா, சாப்புடலாம்" என்றார். மாமியார் சந்தோஷப்பட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அவர் அதைத் தன் அக்காவிடம் சொன்னார்.

நாத்தனார் இன்றும் மாதாமாதம் வருகிறார், விமானத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். வேறு டாக்டரைப் பார் என்று மாதாமாதம் அவர் எடுக்கும் பேச்சு நின்றுவிட்டது. நான் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை. இப்போது சாப்பாட்டு மேசையில் பாதியை ஒரு ஹெலிகாப்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் வரும் நாளில் நாங்கள் மூன்று பேரும் தரையில் இலை போட்டுச் சாப்பிடுகிறோம்.