நான் எழுதிய இரண்டு பரிந்துரைக் கடிதங்கள்

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய படிப்பை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். காலையில் காபி குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிழையில்லாத ஆங்கிலத்தில் கெடுத்தேன்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பிரிண்டர். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களாக, அதாவது சொல்தாக்களாக, இருந்தவர்களின் விதவைகளுக்குப் பிரான்சிலிருந்து வரும் பென்ஷன் தாள்களைப் படித்துச் சொல்வதும், அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய பாரத்தை நிரப்பித் தருவதும் தொழில். எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும்; அந்த விதவைகள் என்னை ‘முசே’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு பேச வராது. அதற்குத்தான் அந்தப் பெண்.

உளவியலில் பட்டம் வாங்கிவிட்டு, மேலே மருத்துவ உளவியல் படிக்க வேண்டும் என்று இருந்தாள். ஐந்து நிமிடத்தில் முடியும் பாரத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். எந்தக் கிழவி மாத்திரையை நிறுத்திவிட்டார், யாருடைய மகன் போன் செய்து ஆறு மாதமாகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு அம்மாள் இரண்டு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை என்பதைக் கண்டுபிடித்து, அவரை ஆட்டோவில் ஏற்றிக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவள்தான். அன்றைக்கு என் பங்கு, அவளுக்கு அரை நாள் விடுப்பு என்று குறித்துக்கொண்டது.

வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கட்டாயம். எழுதுகிறவரே நேராகக் கல்லூரிக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். விண்ணப்பித்தவர் கண்ணில் அது படாது. என் போன்ற ஆளுக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

“சார், இங்க வர்ற ஆயாங்ககூட நான் பேசறதப் பத்தி ரெண்டு வரி எழுதுனா போதும்.”

“எழுதிடறேன்மா.”

எழுதினேன். அடக்கமானவள். அநாவசியமாகப் பேச மாட்டாள். பிறர் விஷயங்களில் அக்கறை காட்டாமல் தன் வேலையை மட்டும் பார்ப்பவள். பெண் பார்க்க வந்தவர்கள் இதைப் படித்திருந்தால் அன்றே தட்டு மாற்றியிருப்பார்கள். மனம் நொந்தவர்களின் எதிரில் உட்காரப் போகிறவளுக்கு ஒவ்வொரு வரியும் கதவைச் சாத்தப் போதுமானது. அது எனக்குத் தெரியும். அவள் போய்விட்டால் கிழவிகள் என்னிடம் பேச வந்துவிடுவார்கள் என்று பயம். காரணம் இவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பெரிய காரணமாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும்.

நேர்காணலுக்குப் போய்த் திரும்பியவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மத்தவங்க விஷயத்துல அக்கறை இல்லாதவங்கன்னு உங்க லெட்டர்ல இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தப் படிப்புன்னு கேட்டுட்டாங்க சார்.”

“நீ என்ன சொன்ன?”

“எங்க சார் பொய் எழுத மாட்டார்னு சொன்னேன். ஒருவேள நான் அப்பிடித்தான் தெரியறேனோ என்னவோ, மாத்திக்கிறேன்னு சொன்னேன்.”

இடம் கிடைக்கவில்லை. அதன் பிறகு கிழவிகளிடம் பேசும்போது, பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். சரியாகத்தான் பேசுகிறோமா என்று என்னிடம் கேட்கிற பார்வை. என்னிடம்! பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் சொன்னேன்.

“அந்த லெட்டர் பொய்ம்மா. நீ போயிடக் கூடாதுன்னு எழுதுனேன்.”

ஒரு பாரத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். குத்தி முடித்து, முத்திரையை அதன் டப்பாவில் வைத்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா, பத்து நாளா என்னையே நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன் சார்.”

மறுநாளிலிருந்து வரவில்லை.

கல்லூரிக்கு உண்மையை எழுதினேன். சேர்க்கை முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த ஓராண்டு கிழவிகளை நானே கவனித்தேன். கோரிமேட்டுக்குப் போய் வந்த அந்த அம்மாளிடம், “சாப்பிட்டீங்களா?” என்று மிகுந்த அக்கறையோடுதான் கேட்டேன்.

“என்னா முசே, போலீஸ்காரன் மாரி கேக்குற?” என்றார்.

அவள் வேறு வேலைக்குப் போகாமல் நுழைவுத் தேர்வுக்குப் படித்திருக்கிறாள். அதனால் அடுத்த ஆண்டும் கடைசியாக வேலை பார்த்த இடம் என்னுடையதே. வேறு வழியில்லாமல் வந்தாள். நான் மூன்று பக்கம் தயாராக வைத்திருந்தேன். இந்த முறை அனுப்பும் முன் அவள் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“இதுல பாதிக்கு மேல உங்களப் பத்திதான் எழுதியிருக்கீங்க சார்.”

“நான் பண்ண தப்ப ஒத்துக்க வேணாமாம்மா?”

“நீங்க வருத்தப்படறது அவங்களுக்கு எதுக்கு? ஒரு பக்கம் போதும்.”

என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, என் மனசாட்சியில் இரண்டு பக்கத்தை அடித்தாள். படிக்கிறவர் கண் கலங்க வேண்டும் என்று நான்கு நாள் உட்கார்ந்து செதுக்கிய பத்திகள் அவை. எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவள் விட்டுவைத்தது, இங்கே அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும். அதை அவள் எதிரிலேயே அனுப்பினேன். அவள் நன்றி சொல்லவில்லை. “வரேன் சார்” என்றாள்.

பிறகு ஒரு செய்தியும் இல்லை. நானாகப் போன் செய்து கேட்கத் துணிவில்லை. சில மாதம் கழித்து அந்தக் கோரிமேட்டு அம்மாள் தன் பாரத்தோடு வந்தார்.

“பொண்ணுக்கு எடம் கெடச்சிடுச்சே முசே! போயி ஒரு வாரமாவுது. கெளம்பறதுக்கு முன்னாடி வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சு. உனக்குத் தெரியாது?”

தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“தெரியாதும்மா. என்கிட்ட சொல்லல.”

“எப்பிடிச் சொல்லும்?” என்றார்.

அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. பாரத்தை என் பக்கம் தள்ளி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்றார். இடத்தைக் காட்டினேன்.