அபிராமியின் கணுக்காலும் ஒரு கல்லூரியின் மானமும்

போன சனிக்கிழமை ஒருவர் "துரோகி" என்று கத்தினார். பேச்சு கூடைப்பந்தைப் பற்றியது.

அந்தச் சொல்லைப் போர்க் காலத்தில் நாம் எங்கெல்லாம் பாவித்தோம், அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடந்தது என்று இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பந்துக்கும் ஒரு வளையத்துக்குமாக அதைத் தூக்குகிற மனிதரை என்ன செய்வது? எனக்குக் கோபம் வந்தது. ஒரு கிழமையாகியும் ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் வாக்ட்மெஸ்தர் — கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் — என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பல்பு மாற்றுவேன், பனி தள்ளுவேன், சனிக்கிழமை பின்னேரங்களில் ஜிம் மண்டபத்தைத் திறந்துவிடுவேன். அந்த நேரத்தை எடுத்து வைத்திருப்பது யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கம். பள்ளிக்கூடம்தான், ஊரில் கல்லூரி என்போம். பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் மற்றக் கல்லூரிக்காரர் "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்பார்கள்.

ஒவ்வொரு கோடையிலும் இந்தச் சங்கங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி நடக்கும். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளைகள், கண்ணால் காணாத ஒரு கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டு ஓடுவார்கள். அப்பாமார் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். சரி, அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. இருக்கட்டும்.

இந்தச் சங்கத்துப் பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து அணியை ஐந்து வருடமாகப் பழக்கியவர் சிவநேசன். குரோருட்டில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பழக்குவதற்கு ஒரு குரோனர் வாங்கியதில்லை. தோளில் பந்துப் பை, கையில் வெட்டிய தோடம்பழ டப்பா. நான் கதவைத் திறக்க முன்னரே படியில் நிற்பார். மைனஸ் பதினெட்டிலும் நின்றிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குச் சாவியோடு பிந்தி வந்தவன் நான்.

சிவநேசனிடம் ஒரு குறை உண்டு. அவர் இந்தக் கல்லூரியில் படிக்கவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி. பரம்பரை எதிரி!

சங்கத்துக்கு ஒரு யாப்பு — விதிக்கோவை — இருக்கிறது, பன்னிரண்டு பக்கம். கல்லூரியில் படித்தவர் மட்டுமே பயிற்சியாளராக இருக்கலாம் என்று அதில் ஒரு விதி. ஆனபடியால் ஐந்து வருடமும் விழா மலரில் பயிற்சியாளர் என்ற இடத்தில் தலைவரின் பெயர். பந்து உருண்டை என்பது தலைவருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. சிவநேசனின் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும். ஒலிபெருக்கி தந்தவருக்கும் வடை சுட்டவர்களுக்கும் நடுவில்.

"உமக்கு உது ஒரு மாதிரி இல்லையோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரைக் கொண்டே கூடைக்குள்ளை போடேலாது அண்ணை," என்றார்.

போன கோடையில் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே யார்? சிவநேசன் படித்த அதே கல்லூரியின் சங்கம். நாலு நிமிடம் மிச்சம், எங்கள் பிள்ளைகள் மூன்று புள்ளி முன்னால். அப்போது அணித் தலைவி அபிராமி — பதினேழு வயது, அணியின் பாதிப் பலம் — துள்ளி இறங்கியவள் கால் மடங்கி விழுந்தாள். சொக்ஸைக் கழற்றினால் கணுக்கால் பணிஸ் மாதிரி வீங்கிக் கிடந்தது. சிவநேசன் அவளை வாங்கில் இருத்தினார். தலைவர் ஓடி வந்தார்.

"அவளை இறக்கும் ஐசே! நாலு நிமிசம்தானே!"

"ஏலாது. கால் வீங்கிப் போச்சு."

"இறுக்கிக் கட்டிப்போட்டு இறக்கும். கல்லூரியின்ரை மானம் கிடக்கு."

"மானம் உங்கடை. கால் பிள்ளையின்ரை."

ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

அடுத்த கிழமையே தொடங்கியது கதை. ரத்தம் எந்தப் பக்கம் இழுக்கும்... தான் படிச்ச பள்ளிக்கூடத்தை ஆர் விட்டுக்குடுப்பினம்... வேணுமெண்டுதான் இருத்தினவராம். பலசரக்குக் கடையில் கேட்டேன், கோயில் வாசலில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன். சொன்னவர் எவரும் அந்த வீங்கிய காலைப் பார்த்தவரில்லை.

இலையுதிர் காலத்தில் சங்கப் பொதுக்கூட்டம், அதே ஜிம் மண்டபத்தில். கதிரை அடுக்கியவன் என்ற முறையில் நான் பின்னால் நின்றேன். சிவநேசன் எழுந்து ஒரே வசனம் சொன்னார்:

"நான் வேணுமெண்டு தோக்க விட்டனான் எண்டு நினைக்கிற ஆள் எழும்பி நிண்டு சொல்லட்டும்."

ஒருவரும் எழும்பவில்லை. எழும்புவார்களா? நம்மவர்களுக்கு இருந்துகொண்டு சொல்லத்தான் வரும்.

அபிராமி கையை உயர்த்தினாள். "பிள்ளையள் பிறகு கதைக்கலாம்," என்றார் தலைவர். அந்தப் பிறகு வரவேயில்லை. சிவநேசன் பந்துப் பையை மேடை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனார். கதவைச் சத்தம் போடாமல் சாத்தினார்.

அவர் போன சூடு ஆறவில்லை, தலைவர் அறிவித்தார்: இனிமேல் தொழில்முறைப் பயிற்சியாளர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற கம்ப்யூட்டர் என்ஜினியர், பெயர் விக்னேஷ், ஊரில் தன் காலேஜ் அணிக்கு ஆடியவர். ஆறு மாதத்துக்கு முப்பதாயிரம் குரோனர்.

"முப்பதாயிரமோ!" என்றது ஒரு குரல்.

"அமெரிக்காவிலை கல்லூரிக் கூடைப்பந்துக் கோச்சுக்கு அதிபரை விடச் சம்பளம் ஐயா. தரம் வேணுமெண்டால் குடுக்கத்தான் வேணும்."

"அப்ப யாப்பு? அவரும் எங்கடை கல்லூரி இல்லையே?"

பத்து நிமிடம்தான் எடுத்தது. "சம்பளத்துக்கு அமர்த்தப்படுபவருக்கு இவ்விதி பொருந்தாது" என்று ஒரு வரி சேர்த்தார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஐந்து வருடம் ஒரு மனிதனுக்காகத் திறக்காத யாப்பு. பத்து நிமிடம்! சும்மா செய்தவனுக்கு விதி. காசு வாங்குகிறவனுக்கு விதிவிலக்கு. நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் கதிரைகளை மடித்தேன். அதற்காகவும் என் மேல் எனக்குக் கோபம்தான்.

விக்னேஷைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நேரத்துக்கு வந்தார், லாப்டாப்பில் படம் போட்டுக் காட்டினார், பிள்ளைகளோடு மரியாதையாகப் பேசினார். இரண்டாவது கிழமை என்னிடம் வந்தார்.

"அண்ணா, இந்தப் பொண்ணுங்க ஷாட் எல்லாம் இவ்ளோ சுத்தமா இருக்கே, யார் கத்துக்கொடுத்தது?"

சொன்னேன்.

"அவர ஏன் விட்டாங்க?"

"அவர் வேறை பள்ளிக்கூடம் தம்பி."

நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருவோம். எதிரிக் கல்லூரிச் சங்கம் இவரைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு மடங்கு சம்பளம். விக்னேஷ் ஒளிக்கவில்லை, நேரே வந்து தலைவரின் கையில் கடிதத்தைக் கொடுத்தார். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது.

"துரோகி! எங்கடை காசைத் திண்டுபோட்டு அவங்களிட்டைப் போறீர்! விசுவாசம் எண்டு ஒண்டு இல்லையோ?"

"சார், அக்ரிமெண்ட்ல ஒரு மாசம் நோட்டீஸ்னு இருக்கு. நோட்டீஸ் கொடுத்துட்டேன். அத டைப் பண்ணதே நீங்கதான்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்தப் பழைய மாணவர் சங்கத்திலும் எனக்குக் கதிரை இல்லை, அடுக்கத்தான் கதிரை. நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய காலத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் மணித்தியாலத்துக்கு இரண்டு குரோனர் கூடத் தருகிறார்கள் என்றால் போய்விடுவோம். முன்னர் வெட்டியதும் மீன், பின்னர் வெட்டியதும் மீன். விரல் விறைத்தது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான். மேற்பார்வையாளன் கை கொடுத்து அனுப்பினான். அவன் என்னைத் துரோகி என்று சொல்லவில்லை, நான் அவனை முதலாளித் தெய்வம் என்று கும்பிடவும் இல்லை. கூலிக்கு வேலை. முடிந்தது கணக்கு.

விசுவாசம் வேறு சாமான். அது மைனஸ் பதினெட்டில் தோடம்பழ டப்பாவோடு படியில் நின்றது. ஐந்து வருடம் நின்றது. அப்போது அதைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள், இப்போது சம்பளக்காரனின் சட்டைப் பையில் தேடுகிறார்கள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். குரல் இளகியிருந்தது.

"நீங்கள் சிவநேசனோடை நல்ல மாதிரித்தானே. ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன். இந்த முறை சம்பளமும் குடுக்கலாம். யாப்பிலையும் இப்ப பிரச்சினை இல்லை."

யாப்பிலும் பிரச்சினை இல்லையாம்!

ஞாயிற்றுக்கிழமை போனேன். சிவநேசன் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுச் சொன்னார்:

"சம்பளம் வேண்டாம் அண்ணை. அந்த மண்டபத்திலை, பிள்ளையளுக்கு முன்னாலை, சிவநேசன் வேணுமெண்டு தோக்கேல்லை எண்டு ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கோ. அடுத்த சனியே வாறன்."

தலைவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அது சரிவராது. சங்கத்துக்கு மரியாதைக் குறைவு. வேணுமெண்டால் வருடாந்த விழாவிலை அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துவம்."

முப்பதாயிரம் கொடுக்கலாம். அதற்கு மேலும் கொடுக்கலாம். பொன்னாடை வாங்கலாம். ஒரு வசனம் மட்டும் கொடுக்க முடியாது. அதற்கு என்ன செலவு ஐயா? வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதானே!

இதை நான் மூடி வைக்கவில்லை. கண்டவர் எல்லோருக்கும் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் முடிய என் அறைக் கதவைத் தட்டியவள் அபிராமி. கால் நன்றாக இருந்தது. இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள்.

"மாமா, ஜிம் மண்டபத்துக்குச் சோக்னாட் ஆருக்குக் குடுக்கோணும்?"

சோக்னாட் என்றால் விண்ணப்பம். கையில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தாள். ஒரு பக்கப் படிவம், எட்டுப் பிள்ளைகளின் பெயர், ஞாயிறு காலை ஒன்பது மணி. பயிற்சியாளர் என்ற இடத்தில் சிவநேசனின் முழுப் பெயர், தடித்த எழுத்தில்.

"அவர் ஓம் எண்டவரோ?"

"எட்டுப் பேரும் அவரின்ரை வீட்டு வாசல்லை போய் நிண்டனாங்கள். அவர் கேட்ட வசனத்தை நாங்களே சொன்னம். நான் காலையும் தூக்கிக் காட்டினனான்."

"என்ன சொன்னவர்?"

"மாமா, முதல்லை உள்ளுக்கை போயிட்டு வந்தவர். கண் சிவந்திருந்தது. பிறகு, ஞாயிறு பிந்தி வந்தால் பத்து ரவுண்ட் ஓட்டுவன் எண்டவர்."

படிவத்தை வாங்கி மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தேன். பெயர் கேட்டிருந்தார்கள், விலாசம் கேட்டிருந்தார்கள், போன் நம்பர் கேட்டிருந்தார்கள். எந்தக் கல்லூரியில் படித்தவர் என்று கேட்க ஓர் இடமும் இல்லை. நேற்று அனுமதி வந்துவிட்டது.

தலைவர் அவர்களே, ஞாயிறு ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்கும். அந்தப் பொன்னாடையையும் கொண்டு வாருங்கள் — பிள்ளைகளுக்கு வேர்வை துடைக்க உதவும்.