பஞ்சு வைத்து அடைத்த படகு

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். சிறுமுகைக்குப் பக்கத்தில், பவானிசாகர் அணைத் தண்ணீர் ஏறி வந்து நிற்கும் ஓரத்தில் என் அப்பா வாழை வைத்திருந்தார். மலையில் மழை பிடித்துவிட்டால் தோட்டத்தைச் சுற்றித் தண்ணீர் வளைத்துக்கொள்ளும். மேட்டில் இருக்கும் வாழை மூழ்காது. ஆனால் வெட்டிய தாரைக் கரைக்குக் கொண்டுவர வழியிருக்காது. பரிசலுக்கு அந்த நாட்களில் அத்தனை கிராக்கி. முந்தின வருடம் அப்பாவின் முறை வருவதற்குள் பாதி வாழை மரத்திலேயே பழுத்து வீணாகிவிட்டது. அதைச் சொல்லி அவர் வருத்தப்பட்டபோது, "நானே ஒரு படகு கட்டித் தர்றேனுங்க மாமா" என்று என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்பவர். இரும்பை உருக்கி ஊற்றும் முன் மண்ணில் பதித்து எடுக்கிற மர அச்சுதான் பேட்டர்ன். அதில் தலைமுடி அளவு இடுக்கு இருந்தாலும் வார்ப்பு கெட்டுவிடும். அதனால் இடுக்கு என்றாலே அவருக்கு ஆகாது. கிடைத்த பலகைகளை வைத்து எங்கள் வீட்டு வாசலிலேயே படகைக் கட்டினார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து, "ஏனுங்க, நொய்யல் ஆத்துலயே தண்ணி இல்லீங்களே, இது எங்கீங்க ஓடும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்குகளில், பேட்டர்னுக்குச் செய்வது போலவே வச்சிரப் பசையும் மரத்தூளும் குழைத்த மக்கை வைத்து அடைத்தார். காய்ந்ததும் இருவரும் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். எனக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது. "கைய வெச்சுப் பாரு அம்மணி, எங்காச்சும் தட்டுதான்னு" என்றார். எங்குமே தட்டவில்லை. கல்யாணப் பீரோ கூட அப்படி வழவழப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினோம். கொஞ்ச நேரம் ராஜா மாதிரி நின்றது. பிறகு மக்கு ஊறி, கஞ்சி போலக் குழைந்து, ஒவ்வொரு இடுக்காகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. தண்ணீரே படாத அச்சுக்கு வைக்கிற மக்கைப் படகுக்கு வைத்திருக்கிறோம்! இதைக் கட்டும்போது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லையே என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "வெசனப்படாதீங்க மாப்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அக்கரையில் தார்கள் வெட்டுக்குத் தயாராக நின்றன. என் கணவர் படகைத் திருப்பி ஏற்ற டெம்போக்காரரைத் தேடிக் கிளம்பினார்.

நான் அப்போது நூல் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். மில்லில் கை கழுவும் இடத்துச் சாக்கடைக் குழாயில் பஞ்சு போய் அடைத்துக்கொண்டால் போதும், ஊறி உப்பி, கம்பி விட்டுக் குத்தினாலும் அசையாது. அந்த எரிச்சலூட்டும் குழாய்தான் சட்டென்று ஞாபகம் வந்தது.

"மக்கையெல்லாம் நோண்டிப்போடுங்க. பஞ்சு வெச்சு அடைக்கலாமுங்க" என்று கிளம்பியவரை நிறுத்திச் சொன்னேன்.

"பஞ்சா? தண்ணிய உறிஞ்சிப்போடுமே அம்மணி!"

"உறிஞ்சட்டுமுங்க. உறிஞ்சுனா உப்பும், உப்புனா உள்ள எடமே இருக்காதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் உளியை எடுத்துவிட்டார். படகைக் கவிழ்த்துக் காயவைத்து, இடுக்குகளை மரம் தெரியும்வரை சுரண்டினோம். மேட்டுப்பாளையத்துக் கடையில் இயந்திரம் துடைக்க விற்கும் நூல் கழிவை வாங்கி வந்தேன். நான் முறுக்கித் தரத் தர, அவர் உளியின் மழுங்கிய பக்கத்தால் தட்டித் தட்டி இறுக்கினார். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது அவர் யோசனை. அது இறுகியதும் மறுபடி உப்புத்தாள். பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் மனுசனுக்குத் தூக்கம் வராது. இந்தமுறை அப்பாவும் எங்களோடு உட்கார்ந்து தேய்த்தார். கடைசியில் படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கசிந்த இடத்தையெல்லாம் சுண்ணாம்பால் குறித்து மறுபடி அடைத்தோம்.

மறுநாள் அப்பாவும் அவரும் துடுப்புப் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். நான் கரையில் நின்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். திரும்பி வரும்போது தார்களின் பாரத்தில் படகு நன்றாகத் தாழ்ந்திருந்தது, ஆனால் முழுகவில்லை. வாழை வியாபாரியும் தண்ணீர் பார்க்க வந்த ஊர்க்காரர்களும் கூடிவிட்டார்கள். அப்பா இறங்கியதும் முதலில் தார்களை ஒதுக்கி, அடிப்பலகையைத் தடவி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமே இல்லை.

"யாருங்க கட்டுனது?" என்று வியாபாரி கேட்டார்.

"கட்டுனது எங்க மாப்ளைங்க. அடைச்சது எம்பட புள்ளைங்க. அவ நூல் மில்லுல வேலை செய்யறாளுங்க" என்றார் அப்பா, கரை முழுக்கக் கேட்கும்படி.

நான் மில்லுக்குப் போவதை அப்பா அதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. தோட்டம் வைத்திருப்பவர் மகள் ஷிப்டுக்குப் போகிறாள் என்றால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று, "பொண்ணு ஊட்டுல இருக்குது" என்றே சொல்லி வந்தார். அன்று என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

இன்றும் யாராவது நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால், அப்பா அன்று கரையில் சொன்ன அதே சத்தத்தில்தான் பதில் சொல்கிறேன்.