பெட்டிக்குக் கட்டிய காப்பு

தீங்கு அண்டாமல் வீட்டுக்குக் காப்புக் கட்ட இன்று பூளைப்பூ வாங்கினேன். கையில் பிடித்ததும், வெள்ளைக்காரன் காலத்தில், பொங்கல் கழிந்து நாங்கள் பினாங்குக்குக் கப்பலேற இருந்த வருஷத்துப் போகியும், கிணத்துக்கடவு வீட்டில் பெயிண்ட் நாற்றத்தோடு கிடந்த புதுத் தகரப்பெட்டியும் கண்முன் வந்து நின்றன. கடலென்றாலே எனக்குப் பயம். கூரையில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளையும் செருகிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்:

"ஏனுங்கப்பா, ஊட்டுக்குக் காப்புக் கட்டியாச்சு. கப்பல்ல நம்மளுக்கு?"

அம்மா ஒரு கொத்தை எடுத்துப் பெட்டியின் பிடியில் கட்டினாள்.

"பெட்டிக்கு எதுக்கு அம்மணி?" என்றார் அப்பா.

"இனி இதுதானுங்களே நம்மூடு."

மாரியாத்தா பேரைச் சொல்லி முடிச்சுப் போட்டாள். நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை இறங்கவேயில்லை.