ஓடையில் அழைத்த பெயர்

என் தங்கையின் கணவர் வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய், கொரோனாக் காலத்தில் அங்கேயே இறந்தார். அங்கேயே அடக்கம். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு போன் மட்டும் வந்தது. படத்தை வைத்துக் கருமாதி செய்தோம். அதன்பிறகு ஆண்டுதோறும் திதி வரும், மழை வரும், மாத்தளையிலிருந்து பஸ் ஏறி நான் வருவேன், தங்கை படையல் போட மாட்டேன் என்பாள்.

“வீட்டுக்கே வராத மனுசனுக்கு எப்படிண்ணே எலை போடுறது? பசியோட எங்க நிக்கிறாரோ.”

ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. வார்த்தைகளும் வயதாகிக் கூன் விழுந்து நடக்கின்றன. இந்த ஆண்டு சொல்ல ஒன்றுமில்லாமல், பஸ்ஸில் போனில் வாசித்ததைச் சொன்னேன். நடு இந்தியக் காடுகளில் கோண்டு என்றொரு சனம். குலசாமியை மரத்தில் வைத்துக் கும்பிடுகிறவர்கள். இறந்தவர் வீடு திரும்பி முன்னோரோடு சேர வேண்டும், அதுவரை அவருக்கு அலைச்சல்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சில ஊர்களில் ஆற்றில் இறங்கி, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அகப்படுகிற மீனோ பூச்சியோ, அவர்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னோர் பக்கத்தில் வைப்பார்கள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கை முறத்தைக் கீழே வைத்தாள். “ஓடைக்குப் போவமா?”

“யாரு வீட்டுச் சாங்கியத்த யாருடி செய்யுறது?” என்றார் அவள் மாமியார். “நம்ம முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரா?”

“முனியாண்டிகிட்ட பாஸ்போட்டா இருக்கு, போய்க் கூட்டியாறதுக்கு?”

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே வாளியோடு பின்னால் வந்தார்.

சல்லடையோடு தண்ணீரில் இறங்கி நின்றாள் தங்கை. “ஏங்க...” என்றாள்.

“ஏங்கன்னா எவ புருசன்டி வருவான்? பேரச் சொல்லு.”

“நான் என்னைக்கு மாமி சொல்லியிருக்கேன்? நீங்க கூப்பிடுங்க.”

“நான் கூப்பிட்டு என்னைக்கு வந்தான் அவன்? நீ கூப்பிட்டாத்தான் வருவான்.”

கிராம சேவகர் கேட்டால்கூட, கணவர் பெயரைச் சொல்லப் பிள்ளையை முன்னால் தள்ளிவிடுகிறவள் அவள். நான் பாறையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் யாருக்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். முதலில் உதட்டுக்குள். பிறகு, மேட்டு லயத்தில் துணி காயப்போட்டவள் திரும்பிப் பார்க்கும்படி.

சல்லடையில் ஒரு நண்டு ஏறியிருந்தது.

“நண்டாவா வரணும்?” என்றார் மாமியார்.

“அவரு என்னைக்கு நேரா நடந்தாரு?” தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, சல்லடையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். “வாங்க. வீட்டுக்குப் போவோம்.”

நண்டு வாளியில் மேடேறியது. அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான். படத்துக்குக் கீழே வாளியை வைத்து, இலை போட்டு, சோறும் பருப்புக் குழம்பும் பரிமாறினாள் தங்கை. மாமியார் குழம்பை நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

“உப்புப் பத்தாதுடி. அவன் திங்க மாட்டான்.”

தங்கை உப்பெடுக்க எழுந்து போனாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.