பெயர் இல்லாத கட்டம்

பிள்ளைகளே, கலைக்கூடத்து வாசலில் நான் செய்து கொடுத்த நன்கொடையாளர் திரையில் ஒரு கட்டத்தைக் காணோமே என்று கேட்டீர்கள். நடந்ததை எழுதுகிறேன். எனக்கே முழுசாக விளங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவன் நான். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கம்ப்யூட்டர் கைப்பழக்கத்தில் வந்தது. கலைக்கூடம் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டாமல் தொடுதிரையில் போடலாம் என்று செயலாளர் சொன்னார். நம் பக்கத்து நாசரேத்தில் வாத்தியாராக இருந்தவர் அவர். ஆளுக்கொரு கட்டம், விரலை வைத்தால் படமும் இரண்டு வரியும் வரும்.

புன்னைக்காயல் மீனவர்கள் ஆள் பெயரில் கொடுக்கவில்லை, படகுகளின் பெயரில் கொடுத்தார்கள். படகுகளையே படமாகப் போட்டேன். திறந்த அன்று ஒரு அம்மா, "ஏளா, நம்ம போட்டு வருது பாரு!" என்று கத்தியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குழப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் பாட்டு அறை முழுவதையும் கட்டிக் கொடுத்திருந்தார். தன் பெயர் வரக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. நானும் போடவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய கொடைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நடுவில் பொன்னிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வைத்தேன். தொட்டால், 'பாட்டு அறை: பெயர் சொல்ல விரும்பாதவர்' என்று வரும்.

வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் அமுக்கினார்கள்.

"உப்பளத்து மொதலாளியா இருக்குமோ?"

"போலே, அவரு குடுத்தா தெருவுக்குத் தெரு போஸ்டர் ஒட்டிருப்பாரு."

"அப்போ நீதான்னு சொல்லிரு. எங்களுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடு."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில நாள் கழித்து அந்தப் பெரியவரே என் கடைக்கு வந்தார். அவர் யாரென்று எனக்கும் செயலாளருக்கும்தான் தெரியும். உங்களுக்கும் சொல்ல மாட்டேன். காயல்காரர்களில் மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம். "வாங்க காக்கா, உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

"தம்பி, நான் அல்லாஹ்வுக்குன்னு குடுத்தது. இப்போ ஊரே அந்த ஆளைத் தேடுது. டீக்கடையில என் முன்னாலயே புகழுதாங்க. கேக்கக் கேக்க எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்திச்சு. அதான் பயமா இருக்கு. அவன்கிட்ட வாங்க வேண்டிய கூலிய இங்கனயே வாங்கிட்டுப் போயிருவேனோ? அதை எடுத்துருங்க."

செயலாளரிடம் ஓடினேன். "எடுத்தா, பாட்டு ரூமு யாரு கட்டுனதுன்னு கேக்க மாட்டானாடே? அதைப் பாத்துத்தான இன்னும் ரெண்டு பேரு மாடி கட்ட குடுக்கேன்னு வாரான்? ஒனக்கு எது சரின்னு படுதோ செய்யி" என்றார்.

எனக்கு எதுவுமே சரியென்று படவில்லை. படகைக் காட்டியது அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். ஒன்றையுமே காட்டாத கட்டம் இவருக்குக் கேடாகிவிட்டது. மாடி வந்தால்தான் உங்களுக்கு நாடகம் பழக இடம். அதற்காக அவருடைய பயத்தை வாசலில் மாட்டி வைக்கலாமா?

அன்று சாயங்காலம் கலைக்கூடம் பூட்டுமுன் தனியாகப் போய் அந்தக் கட்டத்தை நீக்கினேன். பக்கத்துக் கட்டங்கள் நகர்ந்து இடத்தை மூடிக்கொண்டன. திரையை அணைத்தேன். கறுத்த கண்ணாடியில் நடு இடத்தில் மட்டும் விரல் ரேகைகள் அப்பிக் கிடந்தன. கைக்குட்டையை எடுத்து, வாயால் ஊதி ஊதி, எல்லாவற்றையும் துடைத்தேன்.