அத்தானின் வயிற்றில் ஒரு பம்பு

என் அக்கா புருஷன் ஆர்வின் டோலெஃப்சனுக்கு வலிக்கிறதா இல்லையா என்று அவ்வளவு லேசில் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருஷம் பள்ளி பஸ் ஓட்டி முதுகு போய்விட்டது. இரண்டு ஆபரேஷனும் பலிக்காமல், கடைசியில் வயிற்றுத் தோலுக்கடியில் ஷூ பாலிஷ் டப்பா அளவில் ஒரு பம்பு வைத்தார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முதுகுத்தண்டுக்குப் போய், சொட்டுச் சொட்டாக மருந்து விடும்.

மாத்திரை மயக்கத்தில் கிடந்த மனுஷன் அதற்கப்புறம் எழுந்து நடமாடினார். ஆனால் மீன்பிடிக்கப் படகில் உட்கார முடியவில்லை. அரைமணியில் முகம் வெளுத்துவிடும். மே மாதம் மீன்பிடி சீசன் திறக்கிற சனிக்கிழமை ஆயிரக்கணக்கில் ஏரி இருக்கிற மினசோட்டாக்காரன் ஒருவன் கரையில் நிற்பதெல்லாம் ஒரு பிழைப்பா? இரண்டு வருஷம் நின்றார். "காத்து நல்லாருக்கு மாப்ள" என்பார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பில் மருந்து நிரப்ப நான்தான் கூட்டிப் போவேன். இந்த ஏப்ரலில் ஒரு புது நர்ஸ், மாரிசோல், டெக்சாஸ்காரி. வந்தவுடன் எலுமிச்சை கேக் தட்டை நீட்டினாள். அத்தான் "வேணாம்மா" என்றார். அவள் உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தானின் கண் தட்டின் பின்னாலேயே போயிற்று.

வயிற்றில் ஊசி குத்தி மருந்தை நிரப்பிவிட்டு அவள் கேட்டாள்: "வலி பத்துக்கு எத்தனை சார்?"

"பரவால்லம்மா. மூணு இருக்கும்."

"டோஸை கொஞ்சம் கூட்டலாம்னு டாக்டர் எழுதியிருக்கார். கூட்டட்டுமா?"

"வேணாம்மா, உனக்கெதுக்கு சிரமம்."

அவள் சரியென்று, பம்பின் டோஸை மாற்றுகிற கருவியை எடுத்து வைக்கப் போனாள். அத்தானின் கண் அதன் பின்னாலேயே போயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மடையன் நான்.

"அம்மா, எங்க ஊர்ல ஒரு தடவை கேட்டா கேட்ட கணக்கே இல்ல. காப்பிக்கே ரெண்டு தடவை வேணாம்னுதான் சொல்லுவோம். மூணு தடவை கேளு."

"நீ வாய மூடு மாப்ள!"

மாரிசோல் சிரித்துவிட்டாள். "கூட்டட்டுமா சார்?"

"வேற யாருக்காவது தேவைப்படும்மா."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "கூட்டட்டுமா?"

அத்தான் தன் ஷூவையே பார்த்தார். "உனக்குச் சிரமம் இல்லேன்னா... கொஞ்சமா."

"இப்ப நெஜத்தைச் சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

"எட்டு."

இரண்டு வருஷமும் எட்டு!

டோஸைக் கொஞ்சம் கூட்டினாள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு டாக்டர் இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

சீசன் திறந்த சனிக்கிழமை மூன்று மணி நேரம் படகில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மீன்கூட மாட்டவில்லை. அத்தான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருந்தால் எப்படி மாட்டும்?

"வலி எத்தனை அத்தான்?" என்றேன்.

"மூணு."

விடாமல் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவையும் மூணுதான்.